அஞ்சலை அக்காவின் நெற்றி

பேசச் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எழுதச் சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓவியக் காட்சியகத்தில் ஈரம் அளக்கும் கருவிகளை இந்த ஆண்டு மாற்றிவிட்டார்கள். புதிய கருவி தீப்பெட்டி அளவில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறையில் ஈரம் ஏறினால் அதுவே அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. இனி யாரும் அறை அறையாக நடந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு விருந்து வைத்து அனுப்பிய அன்று, என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா கேட்டாள்: "எப்படிக்கா இத்தன வருசம் தெனமும் சுத்திச் சுத்தி நடந்தீங்க? போரடிக்கல?" நடப்பதுதானே வேலை என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. "அப்ப எழுதுங்க லா. ஞாயிறு பேப்பருக்கு அனுப்பலாம்" என்றாள்.

காட்சியகம் மலை ஊர்களான தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு அது துரை பங்களா. தோட்டம் கைமாறியபோது ஓர் அறக்கட்டளை பங்களாவை வாங்கி, கணப்பு அடுப்புகளை அடைத்து, சுவர்களுக்கு வெள்ளை அடித்து, ஓவியங்களை மாட்டியது. எல்லாம் இந்தக் காலத்து ஓவியங்கள். ஒரு படத்தில் சாம்பல் நிறம் மட்டும்தான் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. ஓர் அறையில் பழைய தேயிலைச் சல்லடைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள். பத்திக் துணியில் வரைந்தது, தகரத்தில் வெட்டியது, தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடிக்கொண்டே இருப்பது என்று பலவிதம். இவற்றுக்கு நிரந்தரச் சேகரிப்பு என்று பெயர். விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, கெட விடக் கூடாது. புத்தகம், செருப்பு, தோல் பை எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும் மலையில் நிரந்தரம் என்ற சொல்லைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை.

நான் துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அம்மா மலையில் கொழுந்து பறித்தார். இருவரும் போன பிறகு தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தேன். அண்ணன் கிள்ளானில் இருக்கிறார். கல்யாணம் பேசினார்கள். எனக்கு யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

காட்சியகத்தில் பேச வேண்டியதே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. சேகரிப்புக்குப் பொறுப்பாக இருந்த மலாய்க்கார அம்மா புவான் ஹஸ்னா, நான் துடைப்பத்தை ஒரு நாளும் சுவரில் சாய்த்து வைக்காததைக் கவனித்திருக்கிறார். அதனாலேயே என்னைக் கூட்டுகிற வேலையிலிருந்து எடுத்து, படங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. சேகரிப்பு அறைக்குள் நுழையும் முன் மோதிரம், கைக்கடிகாரம், தூடோங் முக்காட்டில் குத்திய ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுவார். படத்தின் முன் நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். எதையும் விரலால் சுட்டிக் காட்ட மாட்டார். "விரல் நீண்டால் உடம்பும் கூடவே போகும்" என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் யார் செய்தது என்று முதலில் கேட்க மாட்டார். "என்ன ஒட்டியிருக்கிறது? எப்போது ஒட்டியது? காய்ந்துவிட்டதா?" என்றுதான் கேட்பார். யார் என்பது கடைசிக் கேள்வி. சில சமயம் அந்தக் கேள்வி வராமலே போகும். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அதை நான் தமிழில் எழுதுகிறேன். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே விடுகிறேன்: "பெலான்-பெலான், சரஸ்வதி." மெதுவாக, மெதுவாக.

காலையில் வந்ததும் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களின் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கொட்டுவேன். ஓர் இரவில் அறைக்காற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்தால்தான் நாம் எதற்குள் மூச்சு விடுகிறோம் என்று புரியும். பிறகு ஒவ்வொரு படமாக, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் பூஞ்சணம் வெள்ளைப் பொடியாய் எழுந்து நிற்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது, பூவோடு பூச்சி வரும். பவுடர், சென்ட் கூடாது. இத்தனை வருடத்தில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயிலுக்குப் போகும்போதுதான் பூ வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மூலையில் உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தால் சுற்றுலாக்காரர்கள் ஒதுங்குவதற்கு வருவார்கள். கழிவறை எங்கே என்று கேட்பார்கள். மழை விட்டதும் ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விடுவார்கள். பனி மூடிய நாட்களில் யாருமே வர மாட்டார்கள். சன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகூடத் தெரியாது. வாசலில் காவலுக்கு இருந்த செல்வம் உள்ளே எட்டிப் பார்த்து, "சரசக்கா, இருக்கீங்களா, இல்ல நீங்களும் படத்துக்குள்ள போயிட்டீங்களா?" என்று கேட்பான். காலையில் அறையைப் பூட்டிவிட்டு இறங்கினால் சாயந்திரம் திரும்பும் வரை வாயைத் திறக்காத நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

அப்படிப்பட்ட ஓர் அறையின் சுவரில்தான் அஞ்சலை அக்காவின் படம் வந்து சேர்ந்தது.

வரைந்தவர் ஈப்போவைச் சேர்ந்த சீன ஓவியர். இளம் வயதில் எங்கள் மலைக்கு வந்து தோட்டத்தில் தங்கி வரைந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு அவருடைய குடும்பத்திடமிருந்து காட்சியகம் அந்தப் படத்தை வாங்கியது. கூடையைத் தலையில் மாட்டிய ஒரு பெண், மார்பு வரை. முகம் பாதி பச்சை, கழுத்தில் ஊதா நிழல். நெற்றியில் மட்டும் சாயத்தை மிக மெல்லிசாகத் தடவி, துணியின் நூலே தெரியும்படி விட்டிருந்தார். மேலே மெருகு பூசவில்லை, கண்ணாடியும் போடவில்லை. அவர் அப்படித்தான் விரும்பினாராம். படத்தின் பின்பக்கம் தோட்டத்தின் பெயரும் அஞ்சலை என்ற பெயரும் இருந்தன. புவான் ஹஸ்னா தோட்டத்து ஆபீசில் விசாரித்து, அந்த அஞ்சலை உயிரோடு இருக்கிறார் என்று கண்டுபிடித்து அழைத்தார்.

ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்ற கொழுந்துக்காரிகள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துணி. அஞ்சலை அக்கா முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"என்னா இது, பச்ச மொளகா மாதிரி இருக்கேன்."

"கொழுந்து சாறு ஊறிப்போச்சுடி ஒனக்கு" என்றார் கூட வந்த ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். பொட்டு எங்க? மூணு நாளும் பொட்டு வெச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன். கண்ணு தெரியாதவனா அந்தச் சீனன்?"

பின்னால் நின்ற அவருடைய கணவர் முனியாண்டி மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்கு அன்று ரொம்ப வெட்கம். மனைவி சுவரில் இருக்கிறாள், ஊரே பார்க்கிறது. ஆனால் போகும்போது கடைசியாகத் திரும்பிப் பார்த்தவர் அவர்தான். எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் நானும் கடைசியாகப் பார்க்கிறவள்தான்.

சில ஆண்டுகள் கழித்து அஞ்சலை அக்கா இறந்துபோனார். கருமாதி முடிந்த மறுநாள் மகன் குணா, லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றும் தன் லோரியிலேயே அப்பாவைக் கூட்டி வந்தான். அவன் லோரியைத் திருப்பி நிறுத்தப் போனான். மாமா மட்டும் படியேறி உள்ளே வந்தார். மொட்டை அடித்திருந்தார்.

"அவள பாக்கணும் சரசு."

"பாருங்க மாமா. நாற்காலி எடுத்தாரேன், நில்லுங்க."

பக்கத்து அறையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். மாமா படத்திலிருந்து ஓரடி பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். அஞ்சலை அக்காவின் நெற்றியில் பெரிய வட்டமாக ஈரச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இப்பத்தான் முழுசா இருக்கா" என்றார்.

எனக்கு நாற்காலியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. செத்தவர் படத்துக்குப் பொட்டு வைக்காமல் யார் பார்ப்பார்கள்? என் அறையிலும் அம்மா, அப்பா படத்துக்கு வைக்கிறேன். ஆனால் அது கண்ணாடியின் மேல். இங்கே கண்ணாடி இல்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. படம் என்றால் கண்ணாடி போட்டதுதான்.

எட்டிப் பார்த்த செல்வம் என் காதருகில் வந்து, "சாமி ரூமாவே ஆக்கிட்டாரு. உண்டியல் ஒண்ணு வெச்சா நம்ம சம்பளமாச்சும் ஏறும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு புவான் ஹஸ்னாவைக் கூப்பிட ஓடினான்.

அவர் வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு மாமாவை உட்காரச் சொன்னார். அது நோன்பு மாதம். தான் குடிக்காத தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி மாமாவிடம் கொடுத்தார்.

"இது எதில் செய்தது என்று கேள், சரஸ்வதி."

கேட்டேன். மாமா அதை விசாரணை என்று நினைக்கவில்லை. ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

"கட்ட இப்ப எங்க கெடைக்குது. பிரிஞ்சாங் கடையில வாங்குன சந்தனப் பவுடர்தான். பன்னீர் விட்டுக் கொழச்சேன். குங்குமம் கோயில்ல குடுத்தது."

"பன்னீர் என்றால்?" என்று புவான் ஹஸ்னா கேட்டார்.

"ரோசாத் தண்ணி."

புவான் ஹஸ்னா தலையசைத்தார். அதற்குள் குணா உள்ளே வந்துவிட்டான்.

"அப்பா, என்னா வேல செஞ்சு வெச்சிருக்கீங்க. இது கவர்மெண்டு சாமான் மாதிரி. போலிஸ் வரும்."

"பொண்டாட்டிக்குப் பொட்டு வெச்சா போலிஸ் வருமா?"

"அது அம்மா இல்லப்பா, பெயிண்டிங்."

புவான் ஹஸ்னா என்னிடம் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: சாயம் மெல்லிசு, இது உள்ளே இறங்கிவிடும், எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அழிக்கப் போறீங்களா?"

"எடுக்கணும் மாமா."

"சுமங்கலியாப் போனவ சரசு."

அதே அளவில் ஒரு நகல் அச்சடித்துத் தருகிறோம், வீட்டில் மாட்டி எவ்வளவு பெரிய பொட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று புவான் ஹஸ்னா சொல்லச் சொன்னார். மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட அவ படம் ஒண்ணும் இல்ல. படம் இருந்த ஐசி கார்டப் பதிவு ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. கல்யாணப் போட்டோ பூஞ்ச புடிச்சுக் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சா மூஞ்சியும் கூடவே வந்துருச்சு. நகலு குடுத்தா வாங்கிக்கிறேன், வேணான்னு சொல்லல. ஆனா இந்தத் துணிக்கு முன்னாடிதான் மூணு நாளு உக்காந்திருந்தா. இத அவ பாத்திருக்கா. அவ கண்ணு இதுமேல பட்டிருக்கு. நகல அவ பாக்கலையே."

நான் மொழிபெயர்த்தேன். என் மலாய் தடுமாறியது. புவான் ஹஸ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நகல் போதாது என்று இவர் சொல்வதைத்தான் நான் அறக்கட்டளையின் கோலாலம்பூர் ஆபீசுக்கு எழுதி எழுதிப் பார்க்கிறேன்" என்றார்.

கோலாலம்பூர் ஆபீசில் கோபப்பட்டார்கள். கதவு மூடியிருந்தாலும் தொலைபேசியில் அவர்கள் பேசியது வெளியே கேட்டது. போலிசில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். அதை புவான் ஹஸ்னா மறுத்துவிட்டார். அப்படியானால் படத்தைக் கீழே அனுப்பு என்றார்கள். ஒரு கண்காட்சிக்குச் சில படங்களை எடுக்க வண்டி வரவிருந்தது, அதிலேயே இதையும் ஏற்றிவிடு, நகரத்துக் கிடங்கில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். கீழே போன படங்கள் மேலே திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. கிடங்கில் மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதைக் கேட்டுப் பார்க்க மனு போட வேண்டும். முனியாண்டி மாமா மலையடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டிப் போகாத ஆள்.

கடைசியில் புவான் ஹஸ்னா அவர்களிடம் ஒரு சம்மதம் மட்டும் வாங்கினார். வண்டி வரும்போது நெற்றி பழையபடி இருந்தால் படம் இங்கேயே இருக்கும். கறை தெரிந்தால் போக வேண்டும்.

படத்தை இறக்கி, சன்னல் ஓரம் மேசையில் கிடத்தினோம். முதல் நாள் தொடவே இல்லை. காய விட்டோம். ஈரச் சந்தனத்தைத் துடைத்தால் பரவும். காய்ந்த சந்தனம் தானாக வெடித்து ஓரம் தூக்கும் என்றார். அப்படியே ஆனது. சன்னமான எலும்புக் கத்தியால் ஒவ்வொரு சில்லாக அடியில் தூக்கினார். நான் மெல்லிய தூரிகையால் அதை ஒரு காகிதத்துக்கு நகர்த்தினேன். ரப்பர் பந்தால் காற்று அடித்துப் பொடியை விரட்டினோம். அடியில் சந்தனம் இருந்தது நல்லதாகப் போயிற்று, குங்குமம் நேராகத் துணிக்குள் இறங்கவில்லை. பொட்டு போன பிறகு, காசு அளவுக்கு ஒரு சிவப்பு மட்டும் தங்கியது. சந்தனம் எங்கே மெல்லிசாக இருந்ததோ அங்கே.

அதற்குக் காய்ச்சி வடித்த நீர் போதவில்லை. மருந்து வைத்தால் மெல்லிய சாயமும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளியில் சோதித்துப் பார்த்து நிறுத்திவிட்டார். மறுநாள் வண்டி. பிற்பகல் வெளிச்சம் சன்னலில் நன்றாக இருந்தது, கீழேயிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

"எச்சில்தான்" என்றார் புவான் ஹஸ்னா.

நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். அவர் விளக்கினார். இந்த வேலையில் பழைய வழக்கம் அது. மனிதரின் எச்சில் தண்ணீரைவிட நன்றாக அழுக்கைப் பிடிக்கும், சாயத்தைக் கடிக்காது. பெரிய நாடுகளின் காட்சியகங்களிலும் அப்படித்தான் செய்கிறார்களாம். பஞ்சை மூங்கில் குச்சியில் சுற்றி, நாக்கில் நனைத்து, கறையின் மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. ஓர் உருட்டலுக்கு ஒரு பஞ்சு.

"எனக்கு நோன்பு. வாய் வறண்டு கிடக்கிறது, வாயில் எதையும் வைக்கவும் முடியாது. நோன்பு திறக்கும் வரை காத்திருக்கலாம், ஆனால் விளக்கு வெளிச்சத்தில் எனக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீ செய்கிறாயா?"

நான் குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு சுமங்கலியின் நெற்றியிலிருந்து பொட்டை எடுக்கிறேன். அதுவே எங்கள் பெண்கள் செய்யப் பயப்படுகிற காரியம். அதுவும் எச்சிலால். நாங்கள் எச்சில் பட்ட தம்ளரைக்கூடப் படத்துக்கு முன்னால் வைக்க மாட்டோம். இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில், "எங்களில் இது கூடாது, புவான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் உடனே என் கையிலிருந்து குச்சியை வாங்கி மேசையில் வைத்துவிட்டார். "சரி. வேண்டாம். நான் இன்னொரு வழி யோசிக்கிறேன்" என்று சன்னல் பக்கம் போய் நின்றார். கோபமில்லை. வற்புறுத்தவும் இல்லை. வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மேசையைப் பார்த்தேன். படம் சுவரில் இருக்கும்போது அஞ்சலை அக்கா என்னைத் தாண்டி எங்கேயோ பார்ப்பார். படுத்திருக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பொட்டு இருந்தால் அவர் போய்விடுவார். பொட்டு போனால் இருப்பார். மாமா வந்து பார்க்கலாம். இதில் எது பெரிய பாவம் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கவும் யாரும் இல்லை.

குழாயடியில் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து குச்சியை எடுத்தேன்.

புவான் ஹஸ்னா திரும்பினார். என் பக்கத்தில் வந்து நின்று, பஞ்சு சுற்றிச் சுற்றிக் கொடுத்தார். "பெலான்-பெலான்." நாக்கில் நனைப்பேன், உருட்டுவேன், பஞ்சு முனையில் ரோசா நிறம் ஏறும். அடுத்தது. வெளியே பனி சன்னலைத் தொடுவதற்குள் அவர் குனிந்து பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பஞ்சால் ஒருமுறை நானே ஒற்றி எடுத்தேன், என் எச்சிலும் அங்கே இருக்கக் கூடாது என்பதற்காக. சன்னல் வெளிச்சத்தில் நெற்றி பழையபடி இருந்தது, துணியின் நூல் தெரிய, ஒன்றும் இல்லாமல்.

பயன்படுத்திய பஞ்சுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பங்களாவுக்குப் பின்னால், தேயிலைச் செடிகள் தொடங்கும் இடத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். மறுநாள் வண்டி வந்தது, மற்ற படங்களை ஏற்றிக்கொண்டு போனது. வந்த அதிகாரி நெற்றியைப் பார்த்தார், படத்தின் ஓரங்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அஞ்சலை அக்கா அதே சுவருக்குத் திரும்பினார். தரையில் ஒரு கோடு போட்டோம், அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம் முனியாண்டி மாமா தனியாக வந்தார். பஸ்ஸில் வந்து, பாதையில் நடந்து ஏறியிருந்தார். கோட்டைக் காட்டினேன். அதற்குப் பின்னால் நின்றார். நெற்றியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. ஒண்ணும் தெரியல."

"ஆமா மாமா."

"யாரு எடுத்தா? அந்த மலாய்க்கார அம்மாவா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நீயா?"

"ஆமா மாமா."

"எதால எடுத்த?"

அந்த வாரம் முழுவதும் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், தண்ணீர் என்று சொல்லிவிடலாம் என்று. அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவர் கோட்டுக்குப் பின்னால் அவ்வளவு ஒழுங்காக நின்றுகொண்டு கேட்டார்.

"எச்சிலால மாமா. வேற எதுக்கும் போகல. அது போகலன்னா அக்காவ கோலாலம்பூருக்குக் கொண்டு போயிருப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

"குணா சின்னதுல," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஸ்கூலுக்குப் போறப்ப வாயோரமா பால் காஞ்சிருக்கும். இவ மலைக்கு ஓடுற அவசரத்துல தண்ணி தேட மாட்டா. முந்தானைய நாக்குல நனச்சு அவன் மூஞ்சியத் தொடச்சு விடுவா. அவன் கத்துவான். நானும் திட்டுவேன், என்னாடி எச்சில்னு. எம்புள்ளதானேன்னு சொல்லுவா."

பிறகு, "சரி விடு. இருக்கால்ல இங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாமா வெள்ளிக்கிழமைகளில் வருவார். கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு வந்து நிற்பார். கையில் ஒன்றும் கொண்டுவர மாட்டார். நாற்காலி போட்டால் கொஞ்ச நேரம் உட்காருவார். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. "பனி சாஸ்தி இன்னிக்கி" என்பார். "ஆமா மாமா" என்பேன். அந்த அறையில் என்னோடு இன்னொரு ஆள் சும்மா இருப்பது எனக்கு அதற்கு முன்பு நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை வருகிறது என்று காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அப்படிப் பல ஆண்டுகள் போயின. புவான் ஹஸ்னா ஓய்வு பெற்றுக் கீழே போனார். செல்வம் வேலையை விட்டு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளக்கடை போட்டான். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு மழை மாதத்தில், குணாவின் லோரி காட்சியக வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. சன்னலை இறக்கி, "அப்பா தவறிட்டாருக்கா. காலைல. தூக்கத்துலயே" என்றான். சாயந்திரம் எடுக்கிறார்கள் என்றான்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சா தம்பி?"

"சொல்லியாச்சிக்கா. கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் எல்லாம் போன் போட்டாச்சு. தோட்டத்துல ஆள் விட்டாச்சு. நீங்கதான் கடைசி."

லோரி போன பிறகு நான் உள்ளே போனேன். அன்று யாரும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அஞ்சலை அக்காவின் முன்னால், கோட்டுக்குப் பின்னால் நின்றேன். குணா எல்லாருக்கும் சொல்லிவிட்டான், இவருக்குச் சொல்லவில்லை. அது அவன் நினைவுக்கு வந்திருக்காது.

இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் யாரையும் நானாகக் கூப்பிட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

"அக்கா," என்றேன். குரல் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். "அக்கா, மாமா காலையில போயிட்டாரு. கஷ்டப்படல. தூக்கத்துலயே. சாயந்திரம் எடுக்குறாங்க, நான் போயிட்டு வரேன்."

சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். துக்கம் சொல்லப் போனவர்கள் சொன்னவுடன் திரும்பி வந்துவிடுவதில்லை.